எடையை மறைக்காத தேவகி

வெள்ளிக்கிழமை காலை நான் டயாலிசிஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தேவகியின் கணவர் போன் செய்தார். விடியும் நேரத்தில் தேவகிக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். நேராக முகத்துவாரக்குப்பத்தில் அவர்கள் வீட்டுக்கே வருகிறேன் என்றேன்.

"வேணாம்ண்ணா. டயாலிசிஸ் முடிச்சிட்டு வா. சாயந்தரந்தான் எடுக்கிறோம். இன்னிக்கி நீ போவலன்னா அவளுக்கே ஆவாது."

அன்று எங்கள் ஷிஃப்டின் ஐந்து கட்டில்களில் நான்கில்தான் ஆள் இருந்தது.

கூட இருந்தவர்களுக்குத் தேவகியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எண்ணூரில் மீன் விற்றவர். சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இருமுறை எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஆறு ஆண்டுகள் படுத்தவர். டாக்டர் சொன்னது எங்களுக்குப் புரிந்தது. தேவகி சொன்னதைத்தான் செய்தோம்.

முதல் வருடம், உடம்பு தேறிவிட்டதாக நினைத்து இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகாமல் இருந்தேன். லேத் பட்டறை வேலைக்கும் திரும்பியிருந்தேன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்தார் தேவகி.

"இன்னாண்ணா, ஆளயே காணோம்?"

"நல்லாத்தான் கீறேன்மா. பசி எடுக்குது, தூக்கம் வருது."

"நல்லா கீறன்னா அது மெசினு செய்ற வேல. உன் கிட்னி செய்ற வேல இல்ல."

பிறகு தன் கதையைச் சொன்னார். தங்கை மகள் கல்யாண வேலையில் இரண்டு முறை விட்டிருக்கிறார். முகூர்த்தத்தன்று மூச்சுத் திணறி, படுக்க முடியாமல், மீன் வண்டியில் உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போனாராம். "தாலி கட்டுனத நான் பாக்கவே இல்லண்ணா" என்றார். அன்று பிற்பகலே அவரோடு பஸ் ஏறினேன்.

படுக்குமுன் எங்களை எடை பார்ப்பார்கள். சிறுநீர் சரியாகப் பிரியாத எங்களுக்குக் கூடிய எடையெல்லாம் குடித்த தண்ணீர்தான். புதிதாக வந்திருந்த துறைமுக லாரி டிரைவர் ஒருவர், "சாப்பாட்டு எடை சார்" என்று ஒவ்வொரு முறையும் சாதிப்பார். நர்ஸ் திட்டத் திட்ட அவர் பொய்யும் வளர்ந்தது. ஒரு மே மாதம் தேவகி முதலில் ஏறி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நாலு கிலோ. தாகம் தாங்கல, ரெண்டு சொம்பு மோர் குடிச்சிட்டேன். தப்பு என்னுதுதான்."

அத்தனை தண்ணீரையும் மெஷின் இழுத்ததில் அன்று காலில் தசை பிடித்து அவர் அழுததை டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை அவரே முணுமுணுத்தார்: "மூணரை. தண்ணிதான்." தேவகி சிரிக்கவில்லை. வாய் கொப்பளித்துத் துப்பவும், சின்ன ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்தார். "தாகம் வாயிலதாம்பா கீது, வயித்துல இல்ல."

உப்பு ஆகாது என்று தெரிந்தும் கருவாட்டை மட்டும் அவரால் விட முடியவில்லை. அதையும் ஒளித்ததில்லை.

போன வாரம் அவருடைய கட்டிலுக்கு ஒரு பெண் வந்தார். இரண்டாம் முறையே வரவில்லை. அடுத்து வந்தபோது ஏன் என்று கேட்க வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டேன். "நானும் ரெண்டு தபா வராம இருந்தவன்தாம்மா" என்று ஆரம்பித்தேன். அடுத்தவர் தப்பைக் கேட்குமுன் என் தப்பைச் சொல்லிவிடுவது. தேவகியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

அதற்கடுத்த முறை நான் போனபோது, அந்தப் பெண் எனக்கு முன்பே வந்து எடை பார்த்துக்கொண்டிருந்தார்.