கொடியில் காய்ந்த புருஷன்

எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் புருஷன் இல்லாதவளுக்கு வாடகைக்கு வீடு கிடையாது. அவன் குடிகாரனா, கையாலாகாதவனா என்று எவனும் கேட்க மாட்டான். ஒருத்தன் இருந்தால் சரி. 1991-ல் காந்திமதி இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றபோது வீட்டுக்காரர் கோதண்டமும் அதைத்தான் கேட்டார்.

"வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

"மறைமலை நகர்ல கம்பெனிண்ணா. எப்பவும் நைட் ஷிப்ட்டு."

பச்சைப் பொய். புருஷன் தசரதன், சின்னவன் பிறந்த மாதமே படப்பையில் இன்னொருத்தி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். இவள் கேண்டீனில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளை வளர்த்தாள். பொய் தெரிந்தால் சட்டி பானை தெருவுக்கு வரும். பழைய வீட்டில் அப்படித்தான் வந்தது.

சந்தையில் ஒரு பழைய காக்கிச் சட்டை வாங்கி, ஞாயிறுதோறும் துவைத்துக் கொடியில் போட்டாள். அழுக்கே ஆகாத சட்டையை எதற்குத் துவைக்கிறாள் என்று யோசிக்க, பக்கத்துப் போர்ஷனில் இருந்த என்னைத் தவிர தெருவில் யாருக்கும் மூளை இல்லை. நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் யோக்கியதை உள்ள ஆளும் அங்கே இல்லை.

கோதண்டம் அவள் கதவைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்துவார். பகலில் தூங்குகிற மனுஷனாம்! கல்லானாலும் கணவன் என்பார்கள். எங்கள் தெருவில் காக்கிச் சட்டையானாலும் கணவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தசரதன் துணிப்பையோடு வந்து இளித்துக்கொண்டு நின்றான். படப்பைக்காரி துரத்திவிட்டாளாம்.

கோதண்டம் ஓடி வந்தார். "யார்யா நீ?"

"இவ புருஷன்யா! சசி, அப்பா வந்திருக்கேன்டா கண்ணு!"

மகள் சசிரேகா அசையவில்லை. "எங்கப்பா கம்பெனிக்குப் போயிருக்காரு" என்றாள்.

கோதண்டம் காந்திமதியைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு நிலைக்கும். கூடவே அந்த நாயும் நிலைக்கும்.

"இவரு யாருன்னே தெரியாதுண்ணா. எங்க வூட்டுக்காரரு ஓவர்டைம் போயிருக்காரு. சட்டை அதோ காயுது பாருங்க."

கோதண்டம் கொடியைப் பார்த்தார், நம்பினார். தசரதனும் பார்த்தான், அவனும் நம்பினான். அவன் முகம் செத்துப்போனதைப் பார்த்து என் வயிறு குளிர்ந்தது.

"குடும்பப் பொம்பளகிட்ட வம்பு பண்றியா?" என்று கோதண்டம் அவன் பிடரியைப் பிடித்துத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உன் வூட்டுக்காரரு வந்தா இத்த சொல்லாதமா. பாவம், மனசு ஒடிஞ்சிடுவாரு."

"சொல்ல மாட்டேண்ணா" என்றாள் காந்திமதி. சட்டையை எடுத்து உதறி மடித்தாள்.