முப்பது ரேடியனில் ஒரு கோழிப்பண்ணை

படித்து முடித்ததும் திருச்செங்கோட்டில் ஒரு கட்டட அலுவலகத்தில் சேர்ந்தேன். எனக்கு மேலே இருந்த மூத்த பொறியாளருக்கு இரண்டின்மீது அசைக்க முடியாத நம்பிக்கை. ஒன்று அவருடைய சயின்டிபிக் கால்குலேட்டர், இன்னொன்று அவரே. கால்குலேட்டர் எப்போதும் சட்டைப்பையிலிருந்து பாதி வெளியே தெரியும். அதன் பொத்தான்களில் முக்கால்வாசியை அவர் தொட்டதே இல்லை.

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு விவசாயி கோழிப்பண்ணைக்கு ஷெட் போட எங்களைக் கூப்பிட்டார். மேற்கே வேலிக்கு அந்தப்புறம் அவருடைய அண்ணனின் மரவள்ளிக் காடு. பாகம் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஷெட்டின் முதல் மூலை, எல்லைக்கல்லிலிருந்து நாற்பது மீட்டர் தூரத்தில், வடக்கிலிருந்து கிழக்காக முப்பது டிகிரி திரும்பிய திசையில் வரவேண்டும். டேப் பிடித்து அளக்க, அதை வடக்கே இவ்வளவு, கிழக்கே இவ்வளவு என்று மாற்றிக்கொள்வோம். கால்குலேட்டரில் அதற்கென்றே பொத்தான் உண்டு. கோணம் டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்தினால் போதும். அவருடையது கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனில் இருந்தது. முப்பது ரேடியன் என்றால் ஏறக்குறைய ஐந்து முழுச்சுற்று. அத்தனை சுற்றும் சுற்றிவிட்டு அது வடக்கே ஆறு மீட்டர், கிழக்கே மைனஸ் முப்பத்தொன்பதரை என்றது.

மைனஸைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அவருக்குத் தைரியம் வந்தது.

"சார், மேல சின்னதா 'ஆர்'னு காட்டுதுங்க. டிகிரிக்கு மாத்திட்டு ஒருக்கா போட்டுப் பாருங்க" என்றேன்.

"மிஷின் பொய் சொல்லுமாம்மா? மைனஸ் கிழக்குன்னா மேற்கு. இதைக்கூட காலேஜ்ல சொல்லித் தரலியா?"

கையிலிருந்த வரைபடத்தில் ஷெட் கிழக்கே இருந்தது. அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலியைத் தாண்டினார். மரவள்ளிக்கு நடுவே மூலையைக் குறிக்க முளைக்குச்சி அடிக்கச் சொன்னார்.

"ஏனுங்க சார், அது எங்கண்ணன் காடுங்க" என்றார் விவசாயி.

"அப்ப உங்க வேலிதான் தப்பா இருக்குது."

விவசாயியின் முகம் மலர்ந்துவிட்டது. பாகத்தில் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அத்தனை வருடம் மனதுக்குள் புழுங்கியவர் அவர். சத்தம் கேட்டு அண்ணன் வந்தார்.

"என்ற காட்டுல எவன்டா குச்சி அடிக்கறது?"

"எஞ்சினியரே சொல்லிப்போட்டாரு. மிஷினே சொல்லுது."

பேசாதிருந்த அண்ணனும் தம்பியும் அன்றைக்குப் பேசினார்கள். எழுதக்கூடிய பேச்சு அல்ல. சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போனபோது பொறியாளர் காருக்குள் உட்கார்ந்துவிட்டார்.

நான் என் கால்குலேட்டரை டிகிரியில் வைத்துப் போட்டேன். வடக்கே முப்பத்துநாலு புள்ளி ஆறு நாலு மீட்டர், கிழக்கே இருபது. அளந்து பார்த்தால், மூலை தம்பியின் நிலத்திலேயே, வரைபடத்தில் இருந்த இடத்திலேயே விழுந்தது. வேலி சரியாகத்தான் இருக்கிறது என்று இருவரிடமும் சொன்னேன். அண்ணன் முளையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனார்.

தம்பி மட்டும் என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "இன்னொருக்கா போட்டுப் பாரு சாமி. அந்த சார் போட்டாப்பலயே போடு" என்றார்.

எனக்குப் பாவமாக இருந்தது. காரில் இருந்தவர்மேல் வந்த அருவருப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. திரும்பும் வழியில் அவர், "பேட்டரி வீக் ஆயிருச்சும்மா" என்றார். அந்த மாதமே வேலையை விட்டேன்.

ஷெட் நான் காட்டிய இடத்தில்தான் எழும்பியது. திறப்புவிழாவில் பொறியாளருக்கு மாலை போட்டார்களாம். அண்ணனை அழைக்கவில்லை. தம்பி நிலத்தை மறுபடி அளக்கச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன்.