கேமராவுக்குக் காட்டாத பக்கம்

முகத்தை அளப்பதுதான் என் வேலை. உதட்டுப் பிளவோடு பிறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகளை மூன்று கேமராக்களில் ஒரே நேரத்தில் படமெடுத்து, முகத்தின் இடது பாதியும் வலது பாதியும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று கணினியில் பார்ப்போம். பிள்ளை நேரே பார்த்து இரண்டு நொடி அசையாமல் இருந்தால் போதும். அந்த இரண்டு நொடிக்கு நான் படுகிற பாட்டை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் எழுத முடியாது.

அந்த நாலு வயதுப் பெண்ணுக்கு இடது மூக்கு சப்பையாக இருந்தது. பள்ளியில் சேர்க்கும் முன் இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை அளவைப் பார்த்துத்தான் சொல்வேன் என்றுவிட்டார் சர்ஜன். அவளோ கேமராவைக் கண்டதும் இடப்பக்கம் திரும்பி வலது கன்னத்தைக் காட்டுவாள். திரையில் இடது மூக்கு வரவேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை விழும். மூன்று முறை வந்தார்கள், மூன்று முறையும் அதே ஓட்டை. பலூன் ஊதினேன், கோழிபோலக் கொக்கரித்தேன். மருத்துவம் படித்தது இதற்குத்தானா என்று ஆத்திரமாக வந்தது.

நாலாம் முறை, மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டி, நான் சாப்பிடக் கிளம்புகிற நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். பிள்ளை வழக்கம்போலத் திரும்பினாள். அவளுடைய அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

"வீட்டுல போன்ல படம் எடுத்துப் பழக்குங்கன்னு சொன்னேன்லா?"

"போனுதான் டாக்டரே இப்பிடிப் பழக்கிச்சு," என்றாள். "இவளுக்க அப்பா துபாயில. இவ வயித்துல கெடக்கும்போ போனவரு. ஆப்பரேஷன் முடிஞ்சு எல்லாம் செரியாச்சுன்னு சொல்லிட்டேன். வீடியோ கால்ல மூக்கப் பாத்தா அங்க கெடந்து வெசனப்படுவாருன்னு, நாந்தான் நாடியப் பிடிச்சு மொகத்தத் திருப்பி வைப்பேன். இப்போ அவளே திரும்பிருவா."

"இத மொதல்லயே சொல்லப்பிடாதா?"

"நீங்க கேக்கல்லியே."

உண்மைதான், கேட்கவில்லை. என் படிவத்தில் பிறந்த எடை முதல் பால் குடித்த விதம் வரை எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. அவள்மீது இருந்த எரிச்சல் முழுவதும் என்மீதே திரும்பியது.

"இப்பவே அவரக் கூப்பிடுங்க," என்றேன்.

தயங்கித் தயங்கி அழைத்தாள். போனை நடுக் கேமராவுக்குக் கீழே பிடித்துக்கொண்டேன். போனில் அப்பா முகம் வந்ததும் பிள்ளை திரும்பிக்கொண்டாள்.

"எங்க பாக்குத, மக்களே? அப்பாவப் பாரு."

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். அம்மா வந்து நாடியைப் பிடித்தாள். இந்த முறை நேரே திருப்பினாள்.

"முழுசா காட்டு மக்களே," என்றாள்.

போனில் அவர் குரல் மெதுவாக, "இதையா ஏட்டி நாலு வருஷமா மறைச்ச?" என்று கேட்டது.

"அழுகை எல்லாம் பெறவு. கைய எடுங்கம்மா, நாடி மறையுது!" என்று கத்தினேன்.

அவள் கையை எடுத்தாள். பிள்ளை திரும்பவில்லை.