மூன்று எண்ணும் வரை

கட்டைவிரலை அப்பாவின் இடுப்பெலும்பின் மேல் வைத்து அழுத்துவாள். விரலை எடுத்துவிட்டு, வாய்க்குள் மூன்று எண்ணுவாள். சிவந்திருக்கும் தோல் அதற்குள் வெளுத்து மறுபடி சிவந்தால் கவலையில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் உள்ளே புண் வைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். மூன்று வருடமாகத் தினமும் காலையிலும் மாலையிலும் இதே பரீட்சை.

“என்ன டாக்டரம்மா, பாஸா ஃபெயிலா?” என்பார் அப்பா.

“பாஸ்தான். பேசாம படுங்கப்பா.”

கிடங்கில் மூட்டை அடுக்கியவர் அவர். அடுக்கு சரிந்து மேலே விழுந்ததிலிருந்து கழுத்துக்குக் கீழே எதுவும் அசைவதில்லை. “எத்தனை மூட்டையப் புரட்டியிருப்பேன், இப்ப நானே மூட்டை” என்று சொல்லித் தனியாகச் சிரித்துக்கொள்வார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நான்கு மணிக்கு அம்மா தையல் ஆலைக்குக் கிளம்பும்வரை அம்மா. பிறகு, பள்ளி விட்டு வந்து, பதினோராம் வகுப்பு படிக்கும் இவள். தானே ஊதித் தானே வடியும் காற்று மெத்தை ஒன்று இருந்தால் புண் பயம் பாதி குறையும். அதற்காகத்தான் அவள் வேலை தேடினாள்.

பள்ளிச் சீருடைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். செருப்புக்கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர், “படிக்கிற புள்ளையா? பரீட்சைன்னு லீவு கேப்பே. போயிட்டு வாம்மா” என்றார். மருந்துக்கடையில், “முன்ன எங்கயாவது வேலை பார்த்த அனுபவம் இருக்கா?” என்று கேட்டார்கள்.

“இல்லைங்க.”

முதியோர் இல்லத்துத் தலைமை நர்ஸிடமும் அதையேதான் சொன்னாள். வெளியே வரும் வழியில், கூடத்துக் கட்டிலில் ஒரு கனத்த கிழவரைப் புரட்ட முடியாமல் பணிப்பெண் ஒருத்தி திணறிக்கொண்டிருந்தாள். இவள் பையைக் கீழே வைத்தாள். அவருடைய முழங்காலை மடக்கினாள், விரிப்பின் ஓரத்தைக் கைக்குள் சுருட்டினாள், ஒரே இழுப்பு. கிழவர் தூக்கம் கலையாமல் மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“அனுபவம் இல்லைன்னே?” என்றார் பின்னாலேயே வந்திருந்த நர்ஸ்.

“வேலைன்னு எங்கயும் பார்த்ததில்லைங்க. வீட்லதான்.”

“நாளைக்கு நாலரைக்கு வந்துடு.”

அங்கே எல்லாக் கட்டிலிலும் காற்று மெத்தை இருந்தது. கடைசிக் கட்டில்வரை ‘உஸ்’ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

“அங்க பத்துப் பேரைப் புரட்டப் போற. இங்க இவரை யாருடி புரட்டுறது?” என்றாள் அம்மா.

“விடு, போயிட்டு வரட்டும். நான் எங்க ஓடிடப் போறேன்?” என்றார் அப்பா.

பக்கத்து வீட்டு அக்கா ஆறு மணிக்கு வந்து புரட்டிவிடுவதாக ஏற்பாடு. “அக்கா வந்தாங்களாப்பா?” என்று இவள் தினமும் கேட்பாள். “வந்துச்சு, வந்துச்சு” என்பார்.

ஒன்பதாம் நாள், வேலை முடிந்து வரும்போது அந்த அக்காவே வாசலில் பிடித்துக்கொண்டாள். “ஏன் கண்ணு, நீயே நடுவுல வந்து திருப்பிட்டுப் போறியாமே? உங்கப்பா தினமும் என்னை வாசலோட அனுப்பிடறாரு.”

இவள் உள்ளே போனாள். அப்பா, நான்கு மணிக்கு அம்மா படுக்க வைத்த பக்கத்திலேயே சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

“ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?”

“போர்வைக்குள்ள துணி இல்லாமக் கிடக்கேன். ஊரான் வீட்டுப் பொம்பள வந்து விலக்கணுமா? அது ஒண்ணுதாம்மா மிச்சம் இருக்கு.”

அவள் கைகழுவிவிட்டு வந்தாள். முழங்காலை மடக்கி, விரிப்பைச் சுருட்டி, அவரைப் புரட்டினாள். இடுப்பெலும்பின் மேல் ஒரு நாணய அகலத்துக்குச் சிவந்திருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள்.

“என்ன டாக்டரம்மா, பாஸா ஃபெயிலா?”

மூன்றுவரை எண்ணினாள். நிறுத்தாமல் நான்கு, ஐந்து, ஆறு என்று மேலே எண்ணிக்கொண்டே போனாள்.