மூன்று நிமிஷம் நின்ற மாப்பிள்ளை கார்

மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய திறந்த கார் வாடகைக்கு விடுகிறவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான்: வண்டி நடுத்தெருவில் நின்றுவிடக் கூடாது. டாக்ஸி நின்றால் சவாரிக்காரர் திட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவார். மாப்பிள்ளை கார் நின்றால் மேளம் நிற்கும், பெட்ரோமாக்ஸ் தூக்குகிறவன் நிற்பான், பெண்ணைப் பெற்றவருக்கு முகத்தில் ஈயாடாது. பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிற சகோதரர்களே, உங்கள் வண்டி மேடு ஏறும்போது மக்கர் பண்ணியிருக்கும். என்னுடையது ஆள் நடக்கிற வேகத்தில் அரை மைல் போக வேண்டிய வண்டி. இந்த அவஸ்தை உங்களுக்கு வரவே வேண்டாம்.

மாட்டுக்கொட்டகையில் கண்டது

எங்கள் குடும்பத் தொழில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது. காஞ்சிபுரத்தில் கல்யாணம் என்றால் அண்டா குண்டானெல்லாம் என் கைக்கு வந்துவிட்டுத்தான் அடுப்புக்குப் போகும். ஒரு தை மாசம் திருமுக்கூடலில் ஒரு விவசாயி வீட்டுக்கு ஈயம் பூசப் போனேன். அவர் மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே ஒரு விளக்கு எட்டிப் பார்த்தது. வைக்கோலைத் தள்ளினால், யா அல்லா, ஒரு முழு கார்! யுத்தத்துக்கு முந்தின இங்கிலீஷ் வண்டி, மேல்துணியை மடக்கிப் பின்னால் தள்ளுகிற ரகம். பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, வேறென்ன சொல்ல!

வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் அங்கேயே பேசி முடித்தேன். ரெண்டு ஜோடி மாடு பூட்டி, பாலாற்று மணலில் இழுத்துக்கொண்டு வந்தோம். வழியனுப்ப ஆற்றங்கரை வரைக்கும் வந்த விவசாயி, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: "பாய், இப்பவே சொல்லிட்றேன், அப்புறம் என்னைக் கேக்காதே. இது கெளம்பினா நிக்காது, நின்னா கெளம்பாது."

முதல் சவாரி

பக்கத்து வீட்டு நாகய்யா தறி நெய்கிறவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிகிற விரல்கள் அவருக்கு. நானும் அவரும் மூணு மாசம் அந்த வண்டியைப் பிரித்து மாட்டினோம். ரேடியேட்டர் ஓட்டையை நானே ஈயம் வைத்து அடைத்தேன். எல்லாம் சரியானது, மூஞ்சி மட்டும் சரியாகவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கம்பிகள் துருப்பிடித்துப் பல்லை இளித்தன. முதல் மாப்பிள்ளை அழைப்பு பிள்ளையார்பாளையத்தில். பூக்காரரைக் கூப்பிட்டு, "முன்னாடி கம்பியே தெரியக் கூடாதுங்க, நெருக்கமா கட்டிடுங்க" என்றேன். அவரும் ஒரு விரல் நுழைய இடமில்லாமல் சாமந்தியால் ஒரு திரையே கட்டிவிட்டார். பார்க்க ஜோராக இருந்தது.

பிள்ளையார் கோயிலில் கிளம்பினோம். நாதஸ்வரக்காரர் முச்சந்திக்கு முச்சந்தி நின்று வாசித்தார். ராஜ வீதித் திருப்பத்தில் வண்டி ரெண்டு தரம் இருமியது, நின்றுவிட்டது. மேளம் சட்டென்று அடங்கியது. பானெட்டைத் தூக்கினால் உள்ளே அடுப்பு. கொதித்துக்கிடந்த பெட்ரோல் குழாய் மேல் ஈரத்துண்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். மூன்று நிமிஷம் இருக்கும். மாப்பிள்ளையின் அம்மா தனபாக்கியம் அம்மாள் கிட்டே வந்து, "என்னாச்சுப்பா?" என்று கேட்டார்.

முதல் சவாரியிலேயே தொழில் போகிறதே என்று பயந்தேன். "வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்கம்மா. வேளை சரியில்ல போல இருக்குது" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ஹேண்டிலைச் சுற்றினேன், இன்ஜின் பிடித்துக்கொண்டது, எனக்கு உயிர் வந்தது. அந்த அம்மாள் மட்டும் நகரவில்லை. பின்னால் திரும்பிப் பெண்டுகளிடம் சொன்னார்: "கேட்டுக்கினீங்களா? வண்டிக்காரரே சொல்றாரு, வேளை சரியில்லியாம்."

சாமந்திக் கீரை

மறுநாள் காலையில் வண்டியைக் கழுவும்போது நாகய்யா அந்தப் பூத்திரையைப் பிய்த்து எடுத்தார். உள்பக்கத்துச் சாமந்தியெல்லாம் கீரை மாதிரி வெந்திருந்தது. காற்று போக வழியில்லாமல் அடைத்தால் ரேடியேட்டர் எப்படி ஆறும்? துருவை மறைக்கப் போய் வண்டியின் மூக்கைப் பொத்தியிருக்கிறேன். நாகய்யா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இனிமேல் முன்னால் பூ கிடையாது, இந்த விஷயமும் வெளியே கிடையாது என்று முடிவாயிற்று. பழியெல்லாம் வேளை மேல் போய்விட்டதால் என் வண்டிக்குக் கெட்ட பேர் வரவில்லை. சவாரி மேல் சவாரி வந்தது. நானும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

மூணு வருஷம் கழித்து நாகய்யாதான் சேதி கொண்டுவந்தார். தனபாக்கியம் அம்மாள் வீட்டுத் தெருவில் அவருடைய தங்கை இருக்கிறாள். அன்றைக்குக் கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்குப் போன பெண் பேர் விசாலம். சரியில்லாத வேளை அவளுடையது என்று ஆகிவிட்டதாம். தறியில் பாவு நூல் அறுந்தால் விசாலத்தால், மாமியார் வழுக்கி விழுந்தால் விசாலத்தால், இன்னும் குழந்தை இல்லையே, அதுவும் விசாலத்தால். நல்ல காரியத்தில் அவள் கையில் ஒரு வெற்றிலைத் தட்டுகூடக் கொடுப்பதில்லையாம். தெருவிலேயே அவளுக்குப் பேர் "கார் நின்ன மருமக". நாகய்யா சொன்னார்: "நம்ம வண்டி மூணே நிமிஷம் நின்னுது பாய். அந்தப் பொண்ணு இன்னும் அங்கியே நின்னுக்கினு இருக்குது."

குழாயடி

ஒரு நாள் மத்தியானம் சவாரி முடிந்து வரும்போது ரேடியேட்டர் சீறியது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்குழாய் ஒன்றின் பக்கத்தில் ஓரம் கட்டினேன். குடத்தோடு நின்றிருந்த ஒரு பெண் வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். பார்த்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள்தான் விசாலம் என்று. "இதானே பாய் அந்த வண்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வேறு ஆள் யாருமில்லை. "அம்மா, அது பூவால வந்த வினை" என்று ஒரு வரி சொன்னால் போதும். நாளைக்குப் பாலுச்செட்டி சத்திரத்தில் ஒரு சவாரி, வெள்ளிக்கிழமை இன்னொன்று என்று என் நெஞ்சு கணக்குப் போட்டது. தண்ணீர் பிடிக்க டப்பாவை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் திரும்பிவிட்டேன். என்னைத் திட்டுங்கள், தப்பில்லை. அவள் என் கையிலிருந்த டப்பாவை வாங்கவில்லை, தன் குடத்துத் தண்ணீரையே ரேடியேட்டரில் மெதுவாக ஊற்றினாள். "நீ போ பாய், நான் வேற புடிச்சுக்கறேன். இதுவாச்சும் இனிமே எங்கியும் நிக்காம போவட்டும்."

பட்டு பெல்ட்

அதற்கப்புறம் ஒவ்வொரு சவாரிக்கும் எனக்கு ஜுரம் வந்தது. முன்னேயெல்லாம் வண்டி நின்றால் என் பேர் போகுமே என்று பயந்தேன். இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்தால் கண்ணுக்கு முன்னால் முகம் தெரியாத ஒரு மணப்பெண் நின்றாள். அப்படியிருக்க, ஒரு முகூர்த்த நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர்வலம், நாலு மணிக்கு ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. புது பெல்ட் மெட்ராஸிலிருந்துதான் வரவேண்டும். ஃபேன் சுற்றாவிட்டால் பத்தாவது நிமிஷம் கொதிக்கும்.

நாகய்யா தறிக்கு ஓடினார். ஒரு பிடி பட்டுப் பாவு நூலைக் கொண்டுவந்து முறுக்கு முறுக்கென்று முறுக்கி, மெழுகு தேய்த்து, முடிச்சு எங்கே என்று தெரியாமல் முடிந்து மாட்டினார். அரக்குச் சிவப்பு பெல்ட்! அரை மைலும் அது சுற்றியது, நான் மூச்சே விடவில்லை. சத்திரத்து வாசலில் வண்டி நின்றதும் கட்டிப்பிடிக்கப் போனேன். நாகய்யா என்னைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அப்புறம் கொஞ்சலாம் பாய். இது ஒரு கூறைப்புடவைக்கு வெச்சிருந்த பாவு. மாப்பிள்ளை இறங்கிட்டாரில்ல, அவுத்துக் குடு."

வெள்ளி ஃபியூஸ்

இன்னொரு தடவை விளக்கு வைக்கிற நேரத்தில், ஊர்வலத்துக்கு நடுவே வண்டி விளக்கு ரெண்டும் பொக்கென்று அவிந்தன. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாகய்யா ஏறிக் குனிந்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் இடுப்பு மடியில் செருகியிருந்த தறி ஜரிகையை நாலு இழை சுற்றினார். விளக்கு எரிந்தது. காருக்குப் பக்கத்திலேயே நடந்து வந்த மாப்பிள்ளையின் மாமா இதையெல்லாம் பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் பட்டு வியாபாரி. சத்திரம் வரைக்கும் விளக்கையே பார்த்துக்கொண்டு வந்து, இறங்குகிற இடத்தில் என் காதோடு சொன்னார்: "ஜரிகை எங்க வாங்கினீங்க பாய்? அசல் வெள்ளி. அட்ரஸ் குடுங்க."

அதே அம்மாள்

கடைசிக் கதைக்கு வருகிறேன். செவிலிமேட்டிலிருந்து ஒருத்தர் தன் பெண் கல்யாணத்துக்கு வண்டி பேசினார். எந்தக் கோயிலில் ஏற்றணும், எந்தச் சத்திரத்தில் இறக்கணும் என்று கேட்டேனே தவிர, மாப்பிள்ளை யார் வீடு என்று கேட்கவில்லை. பிள்ளையார் கோயிலுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினால், மாப்பிள்ளைக்கு முன்னால் தனபாக்கியம் அம்மாள்! மாப்பிள்ளை அவருடைய ரெண்டாவது பிள்ளை. வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இந்த வண்டியா? இதுல என் புள்ள ஏற மாட்டான். ஏற்கெனவே ஒருத்தி வேளை வண்டி நின்னதுல தெரிஞ்சுபோச்சு, இன்னொருத்தியுமா?" பெண்ணைப் பெற்ற செவிலிமேட்டுக்காரர் அவர் முன்னால் கையைக் கூப்பினார். எல்லார் பார்வையும் கூட்டத்துக்குப் பின்னால் போயிற்று. அங்கே விசாலம் வெறுங்கையோடு நின்றிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டுப் பூக்காரர் புதுசாக ஒரு பூத்திரையைக் கொண்டுவந்து வண்டிக்கு முன்னால் கட்டப் போனார். அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது. "அம்மா, அன்னிக்கி வண்டி நின்னது என் தப்பு. துரு தெரியக் கூடாதுன்னு இதே மாதிரி பூவால அடைச்சேன். காத்து போவாம கொதிச்சுப்போச்சு. மறுநாளே எனக்குத் தெரியும். வேளை சரியில்லேன்னு நான் சொன்னது பொய். தொழில் போயிடும்னு பயந்து சொன்னேன்." தனபாக்கியம் அம்மாள் என்னையே பார்த்தார். முதல் சவாரியில் மாப்பிள்ளையாக உட்கார்ந்து வந்த பெரிய பிள்ளை, விசாலத்தின் புருஷன், வந்து கார் கதவைத் திறந்து, "ஏறுடா" என்று தம்பியிடம் சொன்னார். அம்மாள் தடுக்கவில்லை.

கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது வண்டி நின்றால் நான் சொன்னது பொய் என்றாகிவிடும், விசாலத்தின் கதி அதோடு சரி. வேண்டாத தெய்வமில்லை என்று நீங்கள் சொல்வீர்களே, நான் என் பங்குக்கு வேண்டினேன். அதே ராஜ வீதித் திருப்பம். யாரோ நாதஸ்வரக்காரருக்கு மாலை போட்டுவிட்டார்கள். அவர் குளிர்ந்துபோய் அங்கேயே நின்று, இழுத்து, விஸ்தாரமாக வாசிக்க ஆரம்பித்தார். ரேடியேட்டர் சீறியது. வண்டி ஒரு தரம் இருமியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தும் மிதிக்காமலும் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரிய பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, "அண்ணே, மிச்சத்த சத்திரத்துல வாசிங்க, நடங்க!" என்று நாதஸ்வரக்காரரின் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாகத் தள்ளினார். மேளம் நகர்ந்தது. காற்று உள்ளே போனது. சீறல் மெல்ல அடங்கியது.

சத்திரத்து வாசலில் நானாக இன்ஜினை நிறுத்தியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தனபாக்கியம் அம்மாள் வண்டியை ஒரு தரம் பார்த்தார், மன்னிப்பு கின்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்தின் பின்னால் திரும்பி, "விசாலம், அந்தத் தட்டை வாங்கிக்கினு முன்னாடி வா" என்றார். விசாலம் வந்தாள். வெற்றிலைத் தட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள். அவள் நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து நான் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "குழாயடியில என் குடத்துத் தண்ணிய ஊத்தினேனே பாய், அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

பழைய வண்டி வைத்திருக்கிற சகோதரர்களே, வழியில் வண்டி நின்றுவிட்டால் முதலில் பானெட்டைத் திறங்கள், வாயை அப்புறம் திறந்துகொள்ளலாம்.