மூக்குத்தி எந்தப் பக்கம்?

1926 மார்ச் மாதம். பினாங்கில், சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். துறைமுகத்தில் கிராணி வேலை, கணக்கெழுதும் குமாஸ்தா. என் மனைவி காய்ச்சலில் இறந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அவளை ஒரு புகைப்படம்கூட எடுத்ததில்லை. அடுத்த தீபாவளிக்கு எடுக்கலாம் என்று ஒன்பது வருடம் தள்ளிப்போட்டிருந்தேன். மகளுக்கு நான்கு வயது. அம்மாவின் முகம் அவளுக்கு மறந்துபோகுமே என்பதுதான் என் பயம்.

கோயில் திருப்பணிக்கு ஊரிலிருந்து ஒரு சிற்பி வந்திருந்தார். சாமி செதுக்குகிறவரிடம் என் மனைவியின் முகத்தைச் செதுக்கச் சொல்லலாமா என்று தயங்கித்தான் கேட்டேன்.

"ஆதியில கல்லு நட்டதே செத்தவங்களுக்குத்தாங்க. சாமிக்கு அளவு எங்க கணக்குல இருக்கு. மனுஷ முகத்துக்கு அளவு, கூட இருந்தவங்க கண்ணுலதான். நீங்க சொல்லணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில் உட்கார்ந்து முதலில் களிமண்ணில் பிடித்தார். நெற்றி எப்படி, தாடை எப்படி என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் "லட்சணமா இருக்கும்" என்றேன். தினமும் எழுதிவந்த டைரிகளை எடுத்து வந்து புரட்டி, வாய்விட்டுப் படித்தேன். மழை பெய்த நாள், காய்ச்சல் எத்தனை டிகிரி, மருந்து கொடுத்த நேரம், மூச்சு நின்ற நிமிடம், எல்லாம் இருந்தன. முகம் இல்லை.

"மழை பேஞ்சதெல்லாம் எழுதியிருக்கீங்க. மூக்குத்தியாவது எந்தப் பக்கம்?"

"இடது."

அப்போது பால்காரம்மா வந்தாள். "யாருண்ணே இது? சாமியா?"

"இந்த வீட்டம்மா" என்றார் சிற்பி.

"கிராணி வீட்டு அக்காவா? இப்படியா இருப்பாங்க! மூக்குத்தி வலது பக்கம்லா. சிரிச்சா இடது கண்ணு சுருங்கிப்போகும். மோவாயில சின்னத் தழும்பு." என் பக்கம் திரும்பினாள். "ஐயாவுக்குத் தெரியாதா?"

பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் சொல்லிக்கொண்டே போனாள். சிற்பியின் விரல்கள் நகர்ந்தன. உள்ளேயிருந்து வந்த மகள் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஈரமண்ணின் மோவாயைத் தொட்டு, "அம்மா" என்றாள்.

"சரிங்களா ஐயா?" என்றார் சிற்பி.

தலையசைத்தேன். பொய்தான். எனக்கு அது யாரோ ஒருத்தியின் முகம்.

அந்த முகத்தைப் பார்த்து அவர் செதுக்கிய கல் இன்றும் கூடத்தில் இருக்கிறது. அவள் உயிரோடு இருந்தபோது பார்க்காததை எல்லாம் தினமும் அதில் பார்க்கிறேன். அவளைப் போலவே இருக்கிறதா என்று மட்டும் இந்த வீட்டில் என்னால்தான் சொல்ல முடியவில்லை.