சுவரில் ஏறிய பொட்டு

காப்பிப்பழத் தோல் புளிக்கும் வாடை எங்கே வந்தாலும் எனக்குள் பனி இறங்கிவிடுகிறது. ஏற்காட்டுப் பனி, கதவைத் திறந்தால் கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பனிக்குள் அம்மா சுவரைப் பார்த்து நிற்கிறாள், விரல்களை எறும்புபோல மேலே நடத்திக்கொண்டு.

மார்பில் புற்றுநோய் என்று சேலத்தில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அதோடு வலக்கை தோளுக்கு மேல் எழவில்லை. தினமும் சுவரில் விரலேற்றினால் பழகிவிடும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். காப்பிக் கிளையை வளைக்கும் உயரத்தில் அப்பா, அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினார். அதைத் தொட்டுவிட்டால் மறுபடி எஸ்டேட்டில் பழமெடுக்கப் போகலாம். இந்தப் பருவத்துக்குள் வராவிட்டால் ஆள் பதிவிலிருந்து பேரை அடித்துவிடுவதாக எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சொல்லியிருந்தார்.

எனக்கோ அது பொற்காலம். என் சடை அப்பாவின் கைக்குப் போய், கயிறு திரிப்பதுபோல் திரிக்கப்பட்டது; போகட்டும். பள்ளி விட்டு வந்தால் வீட்டில் அம்மா இருந்தாள். பார்க்க வருகிறவர்கள் பன்னும் ஆரஞ்சும் கொண்டுவந்தார்கள். ஆகவே, அம்மா கண்ணயரும்போதெல்லாம் தகரப்பெட்டிமேல் ஏறி, பொட்டைப் பிய்த்து நெல்லளவு மேலே ஒட்டிவந்தேன்.

“இன்னும் எட்டலயா புள்ள?” என்பார் அப்பா.

“செவுரு வளருதாட்ட இருக்குதுங்க,” என்பாள் அம்மா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

பழம் சிவந்ததும் ரைட்டர் வந்தார். கூலியாட்களின் வரிசை வீடுகளான லயனில், எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த காப்பிச் செடியைக் காட்டி, கையைத் தூக்கச் சொன்னார். அம்மா தயங்கித் தயங்கித் தூக்கினாள். கை கிளையைத் தாண்டிப் பனிக்குள் போய்விட்டது.

“ஏனுங்க, மேகத்தையும் சேத்துப் பறிச்சுப் போடுவீங்களாட்ட இருக்குது,” என்றார் ரைட்டர்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொட்டு ஏறிய கதை அவளுக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் விடியலில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பியவளின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். நாள் முழுக்க ஈரத்தில் நிற்கப் போகிறவளின் முகம், ஏன் கோயில் நோம்பிக்குப் போகிறவளின் முகம்போல இருந்ததென்று எனக்கு அன்று தெரியவில்லை. என் பிடியை விரல் விரலாகப் பிரித்துவிட்டுச் சொன்னாள்:

“படுத்துக் கெடந்தா ஊரே வந்து பாக்கும் சாமி. பழமெடுக்கறவளை ஆரும் வந்து பாக்க மாட்டாங்க. எனக்கு அது போதும், உடு.”